தனுஷ்கோடியில் கல்யாணப் பெண்ணைப் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

ராமநாதபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் பேச வருகிறவர்களில் பாதிப் பேர் "அண்ணே, தனுஷ்கோடியில வச்சு எடுக்கணும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதல் தடவை அங்கே போனது ஒரு ஜூலையில். பேட்டரி, கார்டு, லென்ஸ் எல்லாம் சரிபார்த்தேன். காற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை. வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸை ஸ்டாண்டில் மாட்டி நிமிர்வதற்குள் அது கடலைப் பார்த்துப் பறந்தது. உதவிக்கு வந்த பையன் அதன் பின்னால் ஓட, இங்கே பெண்ணின் முந்தி முகத்தைச் சுற்றிக்கொண்டது. அன்றைக்குத் தேறியது பதினோரு படம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, ஓயாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, அப்புறம் வாடை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும்தான் ஓரளவு சாந்தம். வேறு மாதத்தில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள் என்றால் விடியற்காலை மட்டும் போங்கள். பத்து மணிக்கு மேல் அந்த மணலில் நிற்பது பெண்ணுக்கும் பாவம், மேக்கப்புக்கும் பாவம்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017-இல் தார்ச்சாலை வந்த பிறகு, கார் முனை வரைக்கும் போகிறது. முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். போகும்போது இடது கைப்பக்கம் இருப்பது பெண்கடல் (பாக் நீரிணைப் பக்கம்), வலது பக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா). கச்சான் அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் பொங்கிக்கொண்டிருக்கும், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடையில் இது தலைகீழ். எந்தக் கரையில் எடுப்பது என்பதை வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். எந்தக் கடலானாலும் பெண்ணைத் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். முனையில் நீரோட்டம் இழுக்கும். கால் நனைக்கும் படம் வேண்டுமென்றால் நனைந்த மணலே போதும்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. இருட்டுவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். காலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை முதல் நாளே சோதனைச் சாவடியில் கேட்டுவிடுங்கள். இலங்கை எல்லை பக்கத்தில் இருப்பதால் டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பூநாரைகள் வரும் காலத்தில், படத்தில் பறக்க வேண்டும் என்பதற்காக அவற்றைக் கை தட்டி விரட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இனி உடை. காற்றில் ஜார்ஜெட் அழகாகப் பறக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பறக்கும்தான், நிற்காது. கனமான பட்டுதான் இங்கே சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் முகூர்த்தப் புடவையைக் கொண்டுவராதீர்கள், உப்புக்காற்று ஜரிகைக்கு ஆகாது. கொசுவத்தை இடுப்பில் மட்டும் குத்தினால் போதாது. முழங்கால் உயரத்தில் உள்பக்கமாகப் பாவாடையோடு சேர்த்து இன்னொரு ஊக்கு. தங்க நகை வேண்டவே வேண்டாம். மணலில் விழுந்த ஒரு ஜிமிக்கியை ஒரு குடும்பமே சேர்ந்து சலித்ததைப் பார்த்தவன் நான், கவரிங் போதும். மல்லிகையை ஈரத்துணி சுற்றி ஐஸ் பெட்டியில் எடுத்துப் போய், படம் எடுக்கப் போகும் நேரத்தில் வையுங்கள். உடை மாற்ற அங்கே ஒதுக்குப்புறம் கிடையாது. அதனால் வேனுக்குத் திரைத்துணி, கூட ஒரு அக்காவோ சித்தியோ கட்டாயம்.

அந்த வேனை நான் இன்னொரு வேலைக்கும் வைத்துக்கொள்வேன். காற்று வரும் பக்கம் குறுக்கே நிறுத்தினால் அதன் மறைவில் அரைமணி நேரம் நிம்மதியாக முகத்தை மட்டும் எடுக்கலாம். தார்ச்சாலையை விட்டு மணலில் இறக்கினால் மட்டும் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

திறந்த வெளியில் எடுக்கும்போது பெண் காற்றை எதிர்த்து, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நிற்கட்டும். முடி பின்னால் போகும், முந்தியும் பின்னால் விரியும். முதுகில் காற்று வாங்கினால் எல்லாம் முகத்துக்கு வந்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடிக்குக் கீழே இறக்க மாட்டேன்; தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு அழுத்தினால் ஒன்றில் முந்தி சரியான இடத்தில் இருக்கும். ரிஃப்ளெக்டர் தேவையில்லை, வெள்ளை மணலே கீழிருந்து வெளிச்சம் தரும். அங்கே வைத்து லென்ஸ் மாற்றாதீர்கள். இரண்டு கேமரா பாடி இருந்தால் ஒன்றில் 35 மி.மீ. லென்ஸ், மற்றதில் 85. ஒன்றுதான் என்றால் 24-70 மாட்டிக் கிளம்புங்கள்.

இடிந்த தேவாலயத்தைக் கேட்காத ஜோடியே இல்லை. பவளப்பாறைக் கல்லால் கட்டியது, உதிர்கிறது. சுவரில் ஏறவோ சாயவோ விடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரோடு போனவர்கள் பலர். பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு போனது. நான் அங்கே நின்று, அமைதியாக, நாலு படம் எடுப்பேன். சிரித்துக் குதிக்கும் படங்கள் கரையில். இதற்காக ஒரு மாப்பிள்ளை என்னிடம் கோபித்துக்கொண்டார், சரி, போகட்டும்.

திரும்பியதும் கேமராவை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு தடவை. டிரைபாட் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள். பெண் வீட்டில் புடவையை அப்படியே மடித்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உதறி, ஒரு ராத்திரி நிழலில் காற்றாட விட வேண்டும். மணல் எப்படியும் ஒரு வாரத்துக்கு வீட்டில் உதிர்ந்துகொண்டுதான் இருக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.