ஐ.வி.ஏ. ஆய்வுக்குப் போகும் கிட் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் கிட் கார், அதாவது பாகங்களின் தொகுப்பை வாங்கி வீட்டுக் கொட்டகையில் கட்டிய கார், சாலைக்கு வர வேண்டுமானால், ஓட்டுநர், வாகனத் தரங்களுக்கான அரசு முகமையான டி.வி.எஸ்.ஏ. நடத்தும் ஐ.வி.ஏ. என்ற தனிவாகன ஒப்புதல் ஆய்வில் அது தேற வேண்டும். 2009 வரை எஸ்.வி.ஏ. என்ற பெயரில் இருந்த ஆய்வின் இடத்தில் வந்தது இது. என் முதல் காரைக் கட்ட ஆறு ஆண்டுகள் ஆயின. அதை ஒப்புதல் பெற வைக்க மேலும் ஓர் ஆண்டு ஆயிற்று. சென்ற மாதம், புதிதாகக் கட்டத் தொடங்கிய இருவரின் கொட்டகைகளுக்குப் போய்வந்தேன். அன்று நான் செய்த பிழைகளையே ஏறத்தாழ அதே வரிசையில் அவர்கள் செய்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஹாரன் ஒலிக்கிறதா, பல்புகள் எரிகின்றனவா, டயரில் காற்று இருக்கிறதா என்பவற்றை எவரும் தாமே பார்த்துக்கொள்வார்கள். ஆகவே அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

விளிம்புகளைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது

ஆய்வாளர் 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு கோளத்தைக் காரின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பார். அது தொடக்கூடிய விளிம்பு எதுவானாலும் அதன் வளைவின் ஆரம் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இதைக் கேட்டதும் பலர், கடைசி வாரத்தில் அரத்தை எடுத்து உட்கார்ந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் 1.5 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகட்டை எத்தனை நாள் ராவினாலும் அதன் விளிம்பில் 2.5 மி.மீ. ஆரம் வரவே வராது. தகடு வெட்டும்போதே விளிம்பை உள்பக்கம் மடித்துவிட வேண்டும். இல்லையேல் ரப்பர் விளிம்புப்பட்டி பொருத்த வேண்டும். பட்டியை வெறுமனே அழுத்திச் செருகிவிட்டுப் போனால், ஆய்வாளர் விரலால் இழுத்தவுடனேயே அது கையோடு வந்துவிடும்; பசையிட்டு நிலையாக ஒட்டியிருக்க வேண்டும். பக்கக் கண்ணாடியின் தண்டு, புகைக்குழாயின் முனை, சஸ்பென்ஷன் கைகளின் போல்ட் தலைகள் ஆகிய மூன்றையும் மறப்பவர்களே மிகுதி.

உள்ளே பயன்படுவது தலையின் அளவைக் குறிக்கும் 165 மி.மீ. கோளம். டாஷ்போர்டின் கீழ்விளிம்பையும் சுவிட்சுகளையும் இருக்கைகளைப் பொருத்துவதற்கு முன்பே அந்த அளவில் ஒரு பந்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டோனர் காரின் தாள்களை இழப்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் மறு ஆய்வுக்குள் சரிசெய்துவிடலாம். இதை மட்டும் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை. ஆண்டுகள் பல கடந்தும் இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1987-ஆம் ஆண்டு ஃபோர்டு சியரா ஒன்றை டோனராக, அதாவது பாகங்களை எடுத்துக்கொள்வதற்கான பழைய காராக வாங்கி, எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், முன் ஹப்கள் (சக்கரத்தைத் தாங்கும் மையப் பாகங்கள்), பின் டிஃபரென்ஷியல் ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டேன். வெற்றுக் கூடு கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு சனிக்கிழமை அதை உரிமம் பெற்ற பழைய கார் உடைப்புக் கூடத்தில் ஒப்படைத்தேன். வி5சி என்ற பதிவுப் புத்தகத்தையும் முறைப்படி அங்கேயே கொடுத்துவிட்டு, அதன் மஞ்சள் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். வீடு மாறியபோது அதுவும் தொலைந்தது. இரண்டு ஆண்டு கழித்து எஞ்சினின் பேரிங் தட்டத் தொடங்கவே, கார்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் சியராவில் இருந்த அதே வகையான, பின்டோ எனப்படும் இரண்டு லிட்டர் ஃபோர்டு எஞ்சின் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. பிளாக்கில் பொறித்திருந்த எண்ணில் பாதி தேய்ந்திருந்ததையும் நான் பொருட்படுத்தவில்லை.

ஆய்வு நாளில் புகைச் சோதனை வந்தது. புகையளவின் வரம்பை முடிவு செய்வது எஞ்சின் தயாரான காலம். என் சியராவின் காலத்து எஞ்சினுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை இருக்கலாம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்த பிந்திய காலத்து எஞ்சினுக்கு அரை சதவீதத்தைக்கூடத் தாண்டக் கூடாது. தயாரான காலத்தைக் காட்டும் சான்று நம் கையில் இல்லாவிட்டால் பிந்திய வரம்புதான் பொருந்தும். என் எஞ்சின் பழையது என்பது அதைப் பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் ஆய்வாளர் காகிதத்தைத்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும். கார்ப்யூரேட்டர் வைத்த பின்டோ அந்த வரம்புக்குள் வர வழியே இல்லை. எண் தெளிவாக இருந்த இன்னோர் எஞ்சினைத் தேடி வாங்கி, அந்த எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரிடமிருந்து தயாரிப்புக் காலத்துக்கான கடிதம் பெற்று, எல்லாவற்றையும் மறுபடி பொருத்தி முடிக்க எட்டு மாதங்கள் ஓடின. அந்தச் செலவில் நான்கு சக்கரங்களையும் டயர்களையும் புதிதாகவே வாங்கியிருக்கலாம்.

அத்தோடும் முடியவில்லை. ஆய்வில் தேறிய பிறகு பதிவுக்கு, வாகனங்களைப் பதிவு செய்யும் அரசு முகமையான டி.வி.எல்.ஏ.விடம் போக வேண்டும். கிட் நிறுவனத்தின் புதிய சேஸிஸும், ஒரே டோனர் காரிலிருந்து வந்த குறைந்தது இரண்டு முக்கியப் பாகங்களும் இருப்பதை நிறுவினால், டோனரின் வயதுக்கேற்ற பதிவெண் கிடைக்கும். என் கியர்பாக்ஸும் ஸ்டீயரிங்கும் ஒரே சியராவிலிருந்து வந்தவை என்பது எனக்குத் தெரியும். அதைக் காட்டும் வி5சி இல்லை. ஆகவே வயது அறியப்படாத வாகனத்துக்குரிய ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் எண் கிடைத்தது. ஆறு ஆண்டு உழைப்பின் நெற்றியில் அந்த எழுத்து இன்றும் இருக்கிறது. விற்கப் போனால் வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

சென்ற மாதம் பார்த்த இருவரில் ஒருவர், டோனரின் கூட்டை வரும் வார இறுதியில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். வி5சி காரின் கையுறைப் பெட்டியிலேயே கிடந்தது. அன்று மாலை முழுவதும் அவரோடு உட்கார்ந்து சொன்னவற்றையே இங்கும் சொல்கிறேன். பதிவு முடியும்வரை கூட்டையும் வி5சியையும் கைவிடாதீர்கள். பாகங்களைக் கழற்றுவதற்கு முன், கூட்டிலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும், டோனரின் எண் பலகை அதே படத்தில் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். எஞ்சினைத் தனியாக வாங்கினால் ரசீதில் அதன் எண்ணை எழுதி வாங்குங்கள். எண் படிக்க முடியாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தயாரிப்பாளரின் கடிதத்துக்கு, எஞ்சின் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவின்போது வி627/1 என்ற படிவம் ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். அதை முதல் நாளே அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. முழுக்கப் புதிய பாகங்களால் கட்டுவோருக்கும் இது பொருந்தும்: புதுப்பிக்கப்பட்ட பாகம் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடமுண்டு, அதுவும் புதியதற்கு இணையாகச் செய்யப்பட்டது என்ற சான்றோடு. ரசீதுகள் விடுபட்டால் நடப்பு ஆண்டின் பதிவெண்ணும் கைவிட்டுப் போகும்.

ஸ்டீயரிங் தானே நடுவுக்குத் திரும்பாமல் இருப்பது

திருப்பிய ஸ்டீயரிங், கார் மெல்ல நகரும்போது கையை எடுத்தால் நடுநிலையை நோக்கித் திரும்ப முனைய வேண்டும். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காருக்காக வடிவமைத்த ஹப்களை அறுநூறு கிலோ காரில் பொருத்தும்போது இந்த முனைப்பு குறைந்துபோகிறது. புதிய பந்து மூட்டுகளின் இறுக்கமும் அதைத் தடுக்கும். ஆய்வுக்காக மட்டும் முன்சக்கரங்களை வெளிநோக்கித் திருப்பி வைத்து, தேறியதும் பழையபடி மாற்றிவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. சஸ்பென்ஷன் கைகளைப் பொருத்தும்போதே காஸ்டர் கோணத்தை (பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை) கூட்டி வைத்தால் காரும் நேராக ஓடும்.

பிரேக் சமநிலை

முன்சக்கரங்களுக்கு முன்பாகப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக் கூடாது. சமநிலையை மாற்றும் திருகு இருந்தால், சரியான நிலையில் வைத்த பிறகு யாரும் திருப்ப முடியாதபடி அதை நிலையாகப் பூட்டிவிடுங்கள்.

பின்பக்கப் பனிமூட்ட விளக்கு

ஓட்டுநர் பக்கத்தில் அல்லது நடுவில், பிரேக் விளக்கிலிருந்து 100 மி.மீ.க்குக் குறையாத தொலைவில்.

வேகமானி

உண்மை வேகத்தைவிடக் குறைத்து ஒருபோதும் காட்டக் கூடாது.

கம்பிகள்

மின்கம்பிகளுக்கு 300 மி.மீ.க்கு ஒரு பிடிப்பு.

ஆய்வாளரோடு வாதாடுவது

முன்பதிவு செய்த ஆய்வுக்கு, சேஸிஸ் எண்ணின் பேரில் காப்பீடு எடுத்துக்கொண்டு, பதிவாகாத காரை ஓட்டிச் செல்ல அனுமதி உண்டு. அவ்வாறு ஓட்டிப்போன களைப்பில், முதல் குறையைச் சொன்னவுடன் சிலர் சினந்துவிடுகிறார்கள். கோளம் எங்கே தொடுகிறது என்று காட்டும்படி பணிவாகக் கேளுங்கள், அவர்கள் காட்டுவார்கள். அந்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேல் குறையை எழுதிக்கொண்டு வீடு திரும்புங்கள்.