கை காட்டி நிறுத்தினால் என்ன செய்வது: என் சித்தப்பா செய்ததைத் தவிர எல்லாம்

போன தை மாதம், அறுவடை மும்முரத்தில், கல்யாணப் பத்திரிகை வைக்க நானும் சித்தப்பாவும் ஒரே வண்டியில் கிளம்பினோம். ஒரு ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் செக்கிங். கை காட்டினார்கள், நிறுத்தினேன். லைசென்ஸ் இருந்தது, ஆர்.சி. இருந்தது, இன்சூரன்ஸ் மட்டும் பதினோரு நாளைக்கு முன்பே முடிந்திருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. இரண்டாயிரம் ரூபாய் சலான், ஐந்து நிமிஷத்தில் கிளம்பியிருக்கலாம். அதற்குள் பின்னாலிருந்து இறங்கிய சித்தப்பா, "எஸ்.பி. ஆபீஸ்ல நம்ம பையன் இருக்கான், ஒரு போன் போடவா?" என்று ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரமாக நீண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வாயைத் திறந்த பிறகுதான் அவர் தலையில் ஹெல்மெட் இல்லாதது எஸ்.ஐ. கண்ணில் பட்டது. அதற்குத் தனியாக ஆயிரம்.

அந்த முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றபோது பக்கத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள் வந்து நின்று போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சீக்கிரம் போகிறார்கள், யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது முதல் அரை நிமிஷத்திலேயே தெரிந்துவிடுகிறது.

கிளம்புவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்களில் ஒன்றில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியதிலிருந்து இந்த மின்னணு ஆவணங்களுக்கும் அசலுக்கு உள்ள மதிப்பு உண்டு. ஆனால் கேலரியில் கிடக்கும் போட்டோவும் இதுவும் ஒன்றல்ல, "வாட்ஸ்அப்ல இருக்கு சார்" என்று தேட ஆரம்பித்தால் ஏட்டு முகம் மாறத்தான் செய்யும். இன்னொன்று, நம் டெல்டாவில் முத்துப்பேட்டை, கோடியக்கரை பக்கமெல்லாம் சில இடங்களில் போன் சிக்னல் கழுத்தறுக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஆப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், அல்லது நகலையாவது சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். இன்சூரன்ஸ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லி நான் சொல்வதற்கு எனக்கு அருகதை இல்லை, இருந்தாலும் குறித்து வையுங்கள்.

சரி, கை காட்டிவிட்டார்கள். சடக்கென்று பிரேக் போடாதீர்கள், பின்னால் நெல் ஏற்றிய லாரி வரலாம். இடது இன்டிகேட்டர், வேகத்தைக் குறை, ஓரங்கட்டு. யூ-டர்ன் போட்டுத் தப்பிக்கலாம் என்ற எண்ணம் இருபது வயதில் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. நம் ஊர்ச் சாலைகளுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், சித்திரை போனால் சாலையிலேயே காயும் உளுந்து. எங்கே திரும்புவீர்கள்? ஒன்றுமில்லாத வண்டி திரும்பி ஓடினாலும் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

நிறுத்தியதும் இன்ஜினை அணையுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டால் முகம் தெரியும். காதில் புளூடூத் இருந்தால் எடுத்துவிடுங்கள், அவர் பேசும்போது நீங்கள் வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருப்பது போலிருப்பதைவிட எரிச்சலூட்டுவது எதுவுமில்லை. கார் என்றால் கண்ணாடியை முழுவதும் இறக்கி, ராத்திரியானால் உள்ளே விளக்கைப் போட்டு, கையை ஸ்டியரிங் மேல் வைத்திருங்கள். டேஷ்போர்டைத் திறப்பதற்கு முன், "பேப்பர் உள்ள இருக்கு சார், எடுக்குறேன்" என்று ஒரு வார்த்தை. இருட்டில் யார் கை எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது, பயம் அந்தப் பக்கமும் உண்டு.

அப்புறம் பேச்சு. இங்கேதான் எல்லாமே கெடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதல் வாக்கியம் "வணக்கம் சார்". பெண் காவலர் என்றால் "மேடம்". நிற்பவர் உங்கள் மகன் வயதுக் கான்ஸ்டபிளாக இருக்கலாம், இருந்தாலும் "தம்பி" வேண்டாம். நமக்கு அது அன்பு, காக்கிச் சட்டை போட்டிருப்பவருக்கு அது மட்டந்தட்டல். அடுத்து, "எதுக்கு நிறுத்துனீங்க?" என்ற கேள்வி. இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனால் குரலில் இருக்கிறது விஷயம். "என்ன சார், செக்கிங்கா?" என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும், சண்டை வராது. "இத்தன வண்டி போவுது, என்னைய மட்டும் ஏன்?" என்ற வசனம் எந்தக் காலத்திலும் யாரையும் காப்பாற்றியதில்லை. "நான் யாருன்னு தெரியுமா" பற்றிச் சித்தப்பாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது: காலை எட்டு மணிக்கு நின்றால் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்காத நாள் உண்டு, நூறு பேர் நூறு பொய் சொல்வார்கள், நூற்றி ஒன்றாவதாக வருபவன் உண்மையைச் சொன்னாலும் காதில் ஏறாது. அவர் சொன்னார் என்பதற்காகப் போலீஸ்காரர் நம்மைக் கத்துவது நியாயமாகிவிடாது. ஆனால் அந்தக் கோபம் உங்கள் மேல் பிறந்தது அல்ல, உங்களுக்கு முன்னால் போனவன் விட்டுவிட்டுப் போனது என்று நினைத்துக்கொண்டால் மூச்சு கொஞ்சம் சீராகிறது. எனக்கு இது உதவியிருக்கிறது.

"என்னய்யா", "வாய்யா", "எங்கருந்து வர்ற" என்பதையெல்லாம் நம் பக்கத்தில் பெரிய அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, டீக்கடையிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். "டா" போட்டால் அது வேறு கதை. அப்போதும் நீங்கள் "நீங்க"விலிருந்து இறங்காதீர்கள். சட்டையில் இருக்கும் பெயர், இடம், மணி, இந்த மூன்றையும் மனதில் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தைக்கான கணக்கை எஸ்.பி. அலுவலகத்தில் மனுவாகவோ, அரசின் புகார் எண்ணான 1100-க்கு அழைத்தோ, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதியோ தீர்த்துக்கொள்ளலாம். சாலையில் தீர்க்கப்போனால் தள்ளுமுள்ளு வரும். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்துத் தாக்கியதாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 132-ஆம் பிரிவில் வழக்கு விழுந்தால் இரண்டு வருஷம் வரை தண்டனை உண்டு. ஆயிரம் ரூபாய் ஹெல்மெட் ஃபைனுக்கு இது வேண்டாம்.

சாவியை உருவிவிட்டால் பாய்ந்து பிடுங்காதீர்கள். "வண்டிய அணைச்சுட்டேன் சார், ஓடமாட்டேன், சாவியக் குடுங்க, ஓரமா நிறுத்திடுறேன்." பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். போனை எடுத்து வீடியோ எடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். எடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் நொடியிலேயே முகத்துக்கு நேரே நீட்டினால் நீங்கள் பேச வரவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

கூட வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுபவர் மட்டும் பேசட்டும். கல்யாண வேனை நிறுத்தினால் பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் தனியாக ஒரு பதில் சொல்வார். கிளம்பும்போதே சொல்லி வையுங்கள்.

பணிவு என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது. லுங்கி, டீ-சர்ட்டில் ஒருவர் கேட்டால் "உங்க ஐடி பாக்கலாமா சார்" என்று நீங்கள் கேட்கலாம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது கேளுங்கள், அது 206-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வண்டியைப் பிடித்துவைத்தாலும் எழுத்தில் கேளுங்கள். பெண்ணைச் சோதனை போடப் பெண் காவலர்தான் வேண்டும். ராத்திரியில் தனியாக வரும் பெண்கள், இடம் சரியில்லை என்று தோன்றினால், வேகத்தைக் குறைத்து பார்க்கிங் லைட்டைப் போட்டபடி வெளிச்சம் இருக்கும் அடுத்த டீக்கடை வரை மெதுவாகப் போய் நிறுத்தலாம், 100-க்கோ 112-க்கோ போட்டு "இங்க செக்கிங் போட்டிருக்காங்களா" என்று கேட்டுக்கொள்ளலாம்.

சலான் போட்டால் வண்டி எண், பிரிவு, தொகை மூன்றையும் படித்துவிட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து தொகைகள் ஏறிவிட்டன: ஹெல்மெட் இல்லை என்றால் 1,000, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. தப்பு செய்யவில்லை என்று உறுதியாக நம்பினால் அங்கேயே கட்ட வேண்டிய கட்டாயமில்லை, "கோர்ட்ல பாத்துக்குறேன் சார்" என்று சாதாரணமாகச் சொல்லலாம். அந்த வாக்கியத்தைச் சவாலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லப் பழகுங்கள், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாலும் தப்பில்லை. லைசென்ஸுக்குள் இருநூறு ரூபாயை மடித்து வைத்து நீட்டும் பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான், ஏழு வருஷம் வரை போகும். அவர்களே கேட்டு, வேறு வழியில்லாமல் கொடுத்திருந்தால் ஏழு நாளைக்குள் புகார் சொல்லிவிட்டால் உங்கள் மேல் குற்றமில்லை.

நம் பக்கத்துக்கென்றே சில இடங்கள், சில நேரங்கள் இருக்கின்றன. காரைக்காலிலிருந்து நாகூர்ப் பக்கம் வந்தால் வாஞ்சூர், பொறையார்ப் பக்கம் வந்தால் நண்டலாறு, இரண்டு சோதனைச் சாவடியிலும் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். திறந்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள். புதுச்சேரி மது பாட்டில் வைத்திருந்தால் பணிவு எதுவும் கை கொடுக்காது, அது மதுவிலக்கு வழக்கு, வண்டியும் போகும். "ஒரே ஒரு பாட்டில்தானே" என்பது அங்கே தினமும் கேட்கும் வசனம்.

ஊதச் சொன்னால் ஊதிவிடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. புது ஊதுகுழல் போடச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் குடித்திருப்பதாகச் சந்தேகம் இருந்து நீங்கள் ஊத மறுத்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது.

தேர்தல் நேரம் வந்தால் பறக்கும் படை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் காகிதம் வேண்டும். மாடு விற்ற பணம், பருத்தி விற்ற பணம், நகைக்கு எடுத்துப் போகும் பணம் எதுவானாலும் ரசீதோ வங்கிச் சீட்டோ கூடவே இருக்கட்டும். பிடித்துவிட்டால் அழுது புரண்டு பயனில்லை, ரசீது வாங்கிக்கொண்டு ஆவணத்தோடு மாவட்டத்தில் முறையிட்டால் திரும்பக் கிடைக்கும்.

நடவுக் காலத்தில் குட்டி யானையிலும் டிராக்டர் டிரெய்லரிலும் ஆள் ஏற்றிப் போவதை நிறுத்தும்போது வரும் வாக்குவாதம்தான் எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் எனக்குப் புரியும். பஸ் வராத ஊரில் வேறு எப்படி ஆள் கொண்டு போவது? ஆனால் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் விபத்தில் இன்சூரன்ஸ் கிடைப்பது பெரும்பாடு. ஓட்டுநரை மட்டும் பேசவிட்டு, ஆட்களை இறக்கி நிழலில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு நடை மாற்று வண்டியில் போவதே நல்லது.

அப்புறம் போனில் "உங்களுக்கு இ-சலான் வந்துள்ளது" என்று ஒரு ஏபிகே கோப்போடு (போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) செய்தி வந்தால் அதைத் தொடாதீர்கள், அது சலானே இல்லை. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

கடைசியாக, பத்தாம் வகுப்புப் பையனிடம் டியூஷனுக்கு ஸ்கூட்டியைக் கொடுத்து அனுப்புபவர்களுக்கு. பையனை நிறுத்தினால் அவன் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் வழக்கு உங்கள் மேல்தான்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் 25,000 ரூபாய், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. போன மாதம் எங்கள் தெரு முனையில் அப்படி ஒரு பையனை நிறுத்தினார்கள். அவன் இன்ஜினை அணைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "வணக்கம் சார், எனக்கு லைசென்ஸ் இல்ல" என்றான். எஸ்.ஐ. சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அப்பாவின் நம்பரைக் கேட்டார்.