சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்கு ஒரு வாரயிறுதி: பேருந்தைத் தவறவிடாமல் போய்வருவது எப்படி?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் கடப்பிதழ்க்காரர்கள், தங்குவிடுதியில் ஒரு படுக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, மலேசியாவின் பழைய துறைமுக நகரான மலாக்காவைக் குறைந்த செலவில் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கான வழி இது. நான் இரண்டு முறை போய்வந்தேன். முதல் பயணத்தில் செய்த பிழைகளை இரண்டாவது பயணத்தில் திருத்திக்கொண்டதால் எழுதத் துணிந்தேன். பேருந்துச் சீட்டை இணையத்தில் எடுப்பது போன்றவற்றை விளக்கப் போவதில்லை.

படி 1: வருகை அட்டை

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரையிலான பயணத்துக்கு விசா விலக்கு உண்டு. அது 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை நிரப்பாமல் உள்ளே நுழைய இயலாது. குடிநுழைவுத் துறையின் அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம். தேடலில் மேலே வந்து நிற்கும் ஏதேனும் ஒரு தளம் பணம் கேட்டால், அது இடைத்தரகரின் தளம் என்று அறிந்து வெளியேறிவிடுங்கள்.

நான் சறுக்கியது இந்தப் படிவத்தின் வருகை நாளில். வெள்ளி இரவு பத்து மணிப் பேருந்து என்பதால் வெள்ளிக்கிழமைத் தேதியையே இட்டிருந்தேன். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. மலேசியச் சாவடியின் முகப்பில் என் முறை வந்தபோது மணி பன்னிரண்டு இருபது. அதிகாரி திரையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஓரமாகப் போய் இன்றைய தேதியிட்டுப் புதிதாக நிரப்பி வருமாறு சொன்னார். தூணில் சாய்ந்துகொண்டு, விட்டுவிட்டு வந்த இணையத் தொடர்பில் அதை முடித்துக் கீழே இறங்கியபோது, என் பேருந்து நின்ற இடத்தில் வேறொரு பேருந்து நின்றது. வாடகைக் காரில், எல்லைக்கு அப்பால் ஜொகூர் பாருவில் உள்ள லார்க்கின் பேருந்து நிலையத்துக்குப் போய், விடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே வெள்ளி இரவு கிளம்புகிறவர்கள், எல்லையை நள்ளிரவுக்குப் பின் கடக்க வாய்ப்புண்டா என்று முதலில் கணக்கிடுங்கள். ஐயமிருந்தால் சனிக்கிழமை அதிகாலைப் பேருந்தே மேல். வருகை நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் படிவத்தை அனுப்ப முடியும், அதற்கு முன்பே அனுப்ப இயலாது. 'போக்குவரத்து எண்' என்ற கட்டத்தைக் கண்டு திகைக்க வேண்டாம். வண்டி எண் தெரியாத நிலையில் பேருந்து நிறுவனத்தின் பெயரை இட்டேன், யாரும் கேட்கவில்லை. நிரப்பிய பின் வரும் உறுதிச்சீட்டை அச்செடுத்துக் கடப்பிதழுக்குள் வைத்துவிடுங்கள். கைப்பேசியைவிடக் காகிதத்தையே நான் நம்புகிறேன்.

படி 2: எல்லையைக் கடத்தல்

சிங்கப்பூர், மலேசியா என இரு சாவடிகளிலும் இறங்கி ஏற வேண்டும். இறங்கும்போது பேருந்தின் பதிவெண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் நான்கு பேருந்துகள் நிற்கும். மலேசியப் பக்கம் பைகளை ஊடுகதிர்ச் சோதனைக்கு வைக்க வேண்டியிருப்பதால் உருட்டுப் பெட்டியைத் தவிர்த்து முதுகுப்பை ஒன்றோடு செல்வது நல்லது.

நேரடிப் பேருந்தைவிடச் செலவு குறைய வேண்டுமானால், சிங்கப்பூரின் குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் லார்க்கின் வரை சென்று, அங்கிருந்து மலாக்காவின் பேருந்து நிலையமான மலாக்கா சென்ட்ரலுக்கு மலேசிய ரிங்கிட்டில் சீட்டு வாங்கலாம். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் ஒரு 170 போய்விட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. மலாக்கா சென்ட்ரலில் இறங்கியதும் திரும்பும் சீட்டை எடுத்துவிட்டு, 17ஆம் எண் நகரப் பேருந்தில் ஏறிச் சிவப்புக் கட்டடங்கள் உள்ள சதுக்கத்தில் இறங்குங்கள்.

படி 3: படுக்கை

ஜோங்கர் தெருவிலேயே விடுதி எடுக்காதீர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே இரவுச் சந்தை கூடுகிறது. பாட்டுச் சத்தம் நெடுநேரம் ஓயாது. இரண்டு தெரு தள்ளி, ஆற்றோரம் போதும். பழைய கடைவீடுகளே விடுதிகளாக மாறியிருப்பதால் மரத்தளம் ஒவ்வோர் அடிக்கும் முனகும். காதடைப்பானும், பெட்டகத்துக்குச் சொந்தப் பூட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன நண்பர், விடுதியில் கூடுதலாகப் பணம் கேட்டதாகச் சொன்னார். அது வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரி. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். பலர் தங்கும் அறையில் ஒரு படுக்கைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

படி 4: பார்ப்பது

பெரும்பாலானவை இலவசம், நடந்தே பார்க்கலாம். வெயில் ஏறுமுன் புனித பவுல் குன்றில் ஏறிவிடுங்கள். கூரையற்ற தேவாலயச் சுவர்களில் ஆள் உயரக் கல்லறைப் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மறுபக்கம் இறங்கினால், 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் எஞ்சிய ஒரே வாசல் நிற்கும். நிமிர்ந்து பாருங்கள்: போர்த்துகீசியர் வாசலின் மேல் 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் செதுக்கப்பட்டிருக்கும்.

ஞாயிறு காலையைத் துக்காங் எமாஸ் தெருவுக்கு ஒதுக்குங்கள். 1781ஆம் ஆண்டைச் சேர்ந்த பொய்யாத விநாயகர் கோயிலும், கோபுரம் போல் அடுக்குக் கூரை கொண்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலும் சில நிமிட நடையில் அமைந்திருக்கின்றன. சற்றுத் தள்ளிச் செங் ஹூன் தெங் சீனக் கோயில். விநாயகர் கோயில் மலாக்கா செட்டிகளோடு தொடர்புடையது. தமிழ் வணிகர்களின் வழிவந்த அவர்கள் வீட்டில் மலாய் பேசிக்கொண்டு சைவ வழிபாட்டை விடாமல் காத்துவருகிறார்கள். எனக்கு ஊரிலேயே அதிகம் பிடித்த இடம் இதுதான்.

படி 5: திரும்புதல்

ஞாயிறு மாலை பாலம் நெரியும். நண்பகலுக்குள் மலாக்கா சென்ட்ரலில் இருங்கள். நகரப் பேருந்துக்காக நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். நேரம் நெருங்கினால் தயங்காமல் கைப்பேசிச் செயலி வழியாகக் கிராப் வாடகை வண்டியை அழைத்துவிடுங்கள்.