மவுண்டன் பைக் டிஸ்க் பிரேக் பேட் எவ்வளவு நாள் வரும்? கிலோமீட்டரை விட்டுவிட்டு மி.மீ.யில் பாருங்கள்

பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் ரோட்டர் என்ற வட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் துண்டு) எத்தனை கிலோமீட்டர் வரும் என்று தேடினால் ஒருவர் 500 என்பார், இன்னொருவர் 2000 என்பார். இருவரும் அவரவர் அனுபவத்தில் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் பைக்கில் இப்போது இருக்கும் பேட் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. காய்ந்த மண்ணில் பெரிய இறக்கம் இல்லாமல் ஓட்டுபவருக்கு மாதக்கணக்கில் வரும் அதே ரெசின் (பிசின் கலந்த) பேட், மழையில் மணலும் சேறுமாக நீண்ட இறக்கம் இறங்கினால் ஒரே நாளில் பின்னால் இருக்கும் உலோகத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிடும். ஓட்டுபவரின் எடை, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறாரா, இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருகிறாரா என்பதெல்லாம் வேறு இருக்கிறது. அதனால் நான் தூரத்தைப் பார்ப்பதே இல்லை, தடிமனைத்தான் பார்க்கிறேன். சக்கரத்தைக் கழற்றி மாட்ட உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், எந்த வகை பேட்?

ரெசின் சீக்கிரம் தேயும், ஆனால் சத்தம் குறைவு, சூடேறக் காத்திருக்காமல் முதல் பிடியிலேயே நன்றாக நிற்கும். மெட்டாலிக் (உலோகத் தூளால் ஆனது) மெதுவாகத் தேயும், சூட்டையும் ஈரத்தையும் தாங்கும், பதிலுக்கு ஈரம் பட்டால் கத்தும், ரோட்டரையும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கும். என் விருப்பம் பின்னால் மெட்டாலிக், முன்னால் ரெசின். மழைக்காலம் என்றால் இரண்டிலும் மெட்டாலிக்தான். பின் பிரேக்கைத்தான் இறக்கம் முழுக்க இழுத்துப் பிடித்து வருகிறோம், சேறும் அங்கேதான் அதிகம் அடிக்கும். வாங்கும் முன் ரோட்டரைப் பாருங்கள். ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று அதில் பொறித்திருந்தால் மெட்டாலிக் பேச்சே வேண்டாம்.

படி 1: கழற்றாமலே ஒரு பார்வை

சக்கரத்தை எடுத்துவிட்டு காலிப்பருக்கு (பேடுகளைத் தாங்கும் பிரேக் பாகம்) பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். தகடு, உரசும் பகுதி, நடுவில் இடைவெளி, மறுபடி உரசும் பகுதி, தகடு என்று வரிசையாகத் தெரியும். சக்கரம் இல்லாதபோது பிரேக் லிவரைத் தொடாதீர்கள், பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

லிவர் முன்பு போலவே இறுக்கமாகத்தானே இருக்கிறது, பேட் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) பிரேக்கில் பேட் தேயத் தேய பிஸ்டன் தானாகவே முன்னால் வந்து அந்த இடைவெளியை அடைத்துவிடும். பேட் கடைசி கட்டத்துக்கு வந்தாலும் விரலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

படி 2: கழற்றி அளப்பது

பேடைத் தாங்கும் போல்ட்டின் முனையில் பொடிசாக ஒரு கிளிப் இருக்கும். அதைக் கீழே ஒரு துணி விரித்துக்கொண்டு எடுங்கள், தெறித்துப் போனால் தேடி மாளாது. போல்ட்டை ஆலன் கீயாலோ தட்டை ஸ்க்ரூடிரைவராலோ கழற்றினால் இரண்டு பேடும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து வந்துவிடும். உரசும் பக்கத்தில் விரல் படக்கூடாது.

பிரேக் தயாரிக்கும் ஷிமானோ சொல்லும் எல்லை: உரசும் பகுதி 0.5 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். இன்னொரு நிறுவனமான ஸ்ராம் தகட்டையும் சேர்த்து மொத்தம் 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றச் சொல்கிறது. புது பேடில் உரசும் பகுதியே 2 மி.மீ. அளவில்தான் இருக்கும், ஆக நமக்குக் கிடைப்பது ஒன்றரை மி.மீ. தேய்மானம். நான் 1 மி.மீ. வந்ததுமே புது ஜோடி வாங்கி வைத்துவிடுவேன், மலையில் ஏறப்போகும் நாளாக இருந்தால் அப்போதே மாட்டியும் விடுவேன். கண்ணால் மதிப்பிடுவதை விட ஒரு சாதாரண வெர்னியர் காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) நல்லது. அதைக் கையில் எடுத்த சூட்டில் ரோட்டரையும் அளந்துவிடுங்கள். ஷிமானோ ரோட்டர் 1.5 மி.மீ., ஸ்ராமின் வழக்கமான ரோட்டர் 1.55 மி.மீ.க்கு வந்துவிட்டால் அதையும் மாற்ற வேண்டும்.

படி 3: பிஸ்டனை உள்ளே தள்ளுவது

பெரும்பாலானவர்கள் திணறும் இடம் இதுதான். புது பேட் தடிமனாக இருக்கும், வெளியே வந்து நிற்கும் பிஸ்டனை உள்ளே தள்ளாமல் ரோட்டர் நுழையாது. ஆனால் எடுத்த உடனே தள்ளக்கூடாது. அத்தனை நாள் வெளியே நின்ற பிஸ்டனின் பக்கவாட்டில் பேட் தூளும் மண்ணும் கருப்பாகப் படிந்திருக்கும். அப்படியே தள்ளினால் அந்த அழுக்கு ரப்பர் சீலுக்குள் போகும். பிரேக்கை விட்டதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுப்பது அந்த சீல்தான். அது சரியாக வேலை செய்யாவிட்டால் பேட் ரோட்டரை உரசிக்கொண்டே இருக்கும், புது பேடும் சீக்கிரம் போய்விடும்.

காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிஸ்டனைச் சுற்றித் துடையுங்கள், குச்சி வெள்ளையாக வரும்வரை. அப்புறம் பிளாஸ்டிக் டயர் லிவரால் (டயரைக் கழற்றும் நெம்புகோல்) நேராக, மெதுவாக அழுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், சில மாடல்களில் பிஸ்டன் செராமிக், ஓரம் உடைந்தால் காலிப்பரே போச்சு.

ஒரு பக்கம் சுலபமாக உள்ளே போய் இன்னொரு பக்கம் அசையாமல் இருந்தால், போன பக்கத்தை டயர் லிவரால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிரேக் லிவரைக் கொஞ்சமே கொஞ்சம் அழுத்துங்கள். அடைத்துக்கொண்ட பிஸ்டன் ஒன்றிரண்டு மி.மீ. வெளியே வரும். துடைத்து, உங்கள் பிரேக்கில் ஓடும் அதே திரவத்தில் (மினரல் ஆயில் அல்லது டாட் திரவம்) ஒரு சொட்டு தடவி, உள்ளே தள்ளுங்கள். இப்படிச் சில முறை செய்தால் இளகிவிடும். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் திரவத்தையோ, டாட் பிரேக்கில் மினரல் ஆயிலையோ தொடவிடாதீர்கள், சீல் கெட்டுவிடும். லிவரை அதிகமாக அழுத்தினால் பிஸ்டன் கழன்றே வெளியே வந்துவிடும், அப்புறம் ஆயில் ஒழுகி, காற்றை வெளியேற்றி மறுபடி நிரப்பும் முழு பிளீடிங் வேலை.

படி 4: மாட்டுவது

புது பேடையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து நுழைத்து, போல்ட், கிளிப், சக்கரம் என்று வரிசையாக மாட்டுங்கள். லிவரைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வந்ததா என்று பாருங்கள். ரோட்டர் ஒரு பக்கம் உரசினால் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லிவரைப் பிடித்தபடியே மறுபடி இறுக்குங்கள்.

படி 5: புது பேடைப் பழக்குவது

புது பேட் உடனே பிடிக்காது, பயப்பட வேண்டாம். பேடின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டரில் ஒட்டினால்தான் பிடி வரும். சமதளத்தில் மிதமான வேகம் பிடித்து, நடை வேகத்துக்கு வரும்வரை ஒரே சீராகப் பிரேக் பிடித்து விடுங்கள். 20 முறை. பிறகு இன்னும் கொஞ்சம் வேகமாக 10 முறை. முன், பின் இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள். சக்கரம் முழுசாக நின்றுவிடக் கூடாது, நின்றால் அந்த ஒரு இடத்தில் மட்டும் படலம் தடித்து, பிறகு அதிர்வாக வரும்.

கேள்விகள் வந்த பிறகு சேர்த்தது

பிஸ்டனைத் தள்ளும்போது லிவர் பக்கம் ஆயில் கசிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பேட் தேய்ந்திருந்த நேரத்தில் யாரோ ஆயிலை நிரப்பியிருப்பார்கள், இப்போது பிஸ்டன் உள்ளே போனதும் அதற்கு இடமில்லை. லிவரில் இருக்கும் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, துணி சுற்றி, பிறகு தள்ளுங்கள், மிஞ்சியது வெளியே வரட்டும்.

ஒரு பேட் மெலிந்து மற்றது தடிமனாக இருந்தால் ஒரு பிஸ்டன் அடைத்திருக்கிறது, அல்லது காலிப்பர் நடுவில் இல்லை. எது காரணமோ அதைச் சரிசெய்து, பேடை ஜோடியாகவே மாற்றுங்கள்.

சங்கிலிக்கு அடித்த ஸ்ப்ரே பேடில் பட்டுவிட்டது, உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகுமா என்றும் கேட்டார்கள். பளபளப்பாக மட்டும் இருந்தால் தேய்த்துப் பார்க்கலாம். எண்ணெய் ஊறியது என்றால் தூக்கிப் போடுங்கள், ரோட்டரை ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

கேபிள் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு: மேலே சொன்ன தானாக முன்னால் வரும் கதை உங்களுக்குப் பொருந்தாது. பேட் தேயத் தேய லிவர் ஹேண்டில்பார் பக்கம் நெருங்கி வரும். பெரும்பாலான மாடல்களில் ஒரு பக்கப் பேட் மட்டுமே அசையும், அசையாத பேடைக் காலிப்பரின் உள்பக்கத் திருகால் அவ்வப்போது ரோட்டர் பக்கம் நகர்த்திக்கொள்ள வேண்டும்.