வெண்புள்ளி: ரெண்டு வருஷத்த வீணாக்குன தப்புகள்

என் தங்கச்சிக்கு 11 வயசுல நெத்தியில, சரியா பொட்டு வைக்கிற இடத்துல, மிளகு சைஸ்ல ஒரு வெள்ளை விழுந்துச்சு. தேமல்னு கொஞ்ச நாள் விட்டோம், அப்புறம் பத்தியம், அப்புறம் நாட்டு மருந்துன்னு ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. கடைசியா தோல் டாக்டர்ட்ட போனப்ப அவங்க லென்ஸ் வச்சுப் பாத்து இது வெண்புள்ளின்னு சொல்லிட்டு, "உள்ள இருக்கிற பூனை முடியும் பாதி வெளுத்துருச்சே, இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே"ன்னாங்க. அந்த வார்த்தை இன்னும் மனசுல உறுத்துது, அதான் இத எழுதுறேன்.

முடி ஏன் முக்கியம்னா, தோலுக்கு நிறம் குடுக்கிற மெலனோசைட் செல்லுக்கு ரிசர்வ் ஸ்டாக் முடி வேர்லதான் இருக்கு. ட்ரீட்மெண்ட் வேலை செய்யும்போது வெள்ளைக்கு நடுவுல முடியச் சுத்தி கடுகு மாதிரி சின்னச் சின்ன கருப்புப் புள்ளியா நிறம் திரும்ப வரும், அந்தப் புள்ளிங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதான் வெள்ளை மூடும். முடியும் வெளுத்துட்டா அந்த ஸ்டாக் காலியாயிட்டு வருதுன்னு அர்த்தம். விரல் நுனி, உதடு இங்கெல்லாம் முடியே இல்ல, அதனாலதான் அங்க நிறம் வர்றது ரொம்பக் கஷ்டம். அதனால மத்த எல்லாத் தப்பையும் விட பெரிய தப்பு நாள் கடத்துறதுதான்.

அடுத்தது பேரு. இன்னும் சில பேரு வெண்குஷ்டம்னு சொல்றாங்க, தமிழ்நாடு அரசே அந்த வார்த்தை வேண்டாம், வெண்புள்ளின்னு சொல்லுங்கன்னு மாத்தியாச்சு. தொழுநோய் கிருமியால வர்றது, அதுல தேமல் மாதிரி வெளிறுன படையில உணர்ச்சி குறையும். வெண்புள்ளி பால் வெள்ளையா இருக்கும், பஞ்சால தொட்டா நல்லாத் தெரியும், யாருக்கும் ஒட்டாது. உணர்ச்சி கம்மியா இருந்தா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப்போடாம அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, தொழுநோய்க்கு அங்க மருந்து இலவசம், முழுசா குணமாகும்.

பத்தியத்துக்கு வர்றேன். மீன் சாப்பிட்டுட்டு பால் குடிச்சதால வந்துச்சு, புளிப்பு ஆகாது, வெள்ளையா எதுவும் தின்னக்கூடாதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒரு வருஷம் என் தங்கச்சி டிபன் பாக்ஸ்ல தயிர்சாதம் கிடையாது, எலுமிச்சை சாதம் கிடையாது, பிள்ளை இளைச்சதுதான் மிச்சம், வெள்ளை அப்படியே இருந்துச்சு. ஜீன் ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பாத்தாலே இது புரிஞ்சிரும். 2007ல NLRP1னு ஒரு ஜீனுக்கும் வெண்புள்ளிக்கும் தொடர்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அது உடம்போட எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்டது, அந்த ஆராய்ச்சியில எடுத்துக்கிட்ட குடும்பங்கள்ல தைராய்டு மாதிரி வேற ஆட்டோஇம்யூன் நோய்களும் (எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே அடிக்கிற நோய்கள்) சேர்ந்தே இருந்துச்சு. அதுக்கப்புறம் 50 இடம் வரைக்கும் ஜீன்ல கண்டுபிடிச்சிட்டாங்க, பெரும்பாலானது எதிர்ப்பு சக்தி பக்கம், சிலது டைரோசினேஸ் மாதிரி நிறம் தயாரிக்கிற பக்கம். அதாவது கிருமிய அடிக்க வேண்டிய நம்ம எதிர்ப்பு சக்தி செல்லான டி செல்லே மெலனோசைட்ட எதிரின்னு நினைச்சுப் போய் அடிக்குது. இதுல தயிர் எங்க வந்துச்சு? பத்தியம் இருக்கிறத விட ஒரு தடவை தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பாக்கிறது உபயோகம்.

ஜீன்னு சொன்ன உடனே "அப்ப பரம்பரை வியாதி, பொண்ணு குடுக்காதீங்க"ன்னு கிளம்புறது இன்னொரு தப்பு, இதுல எனக்கு நிஜமாவே கோவம் வரும். ஒரே ஜீன் இருக்கிற இரட்டைப் பிள்ளைகள்ல ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கும் இருக்கிறது ஏறக்குறைய 23 சதவீதம்தான்னு 2003ல வந்த பெரிய ஆய்வு சொல்லுது, கூடப் பிறந்தவங்களுக்கு 6 சதவீதம். ஒரே ஜீன் இருந்தும் நாலுல மூணு பேருக்கு மேல வரலைன்னா, ஜீன் வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டு வருது, உள்ள தள்ளுறது வேற ஏதோ. உங்க பிள்ளைக்கு வரும் வராதுன்னு உறுதியா சொல்ற ஜீன் டெஸ்ட் எதுவும் கிடையாது, யாராவது அப்படிச் சொல்லி காசு கேட்டா குடுக்காதீங்க.

அந்த வேற ஏதோல ஒண்ணு எங்க வீட்டு கண்ணாடியிலயே ஒட்டியிருந்துச்சு, ஸ்டிக்கர் பொட்டு! அந்தப் பசையில பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபினால்னு ஒரு கெமிக்கல் இருக்கலாம், அது மெலனோசைட் நிறம் தயாரிக்க எடுத்துக்கிற டைரோசின் மாதிரியே இருக்கிறதால மெலனோசைட் அத உள்ள இழுத்துக்கிட்டு தானே சாகுது. இந்த வகை கெமிக்கல் பத்தி 1939லயே அமெரிக்காவுல தெரிஞ்சிருச்சு, தோல் பதனிடுற இடத்துல ரப்பர் கையுறை போட்ட தொழிலாளிங்களுக்கு கை வெளுத்துப் போச்சு, ரப்பர்ல கலந்த பொருள்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. நாங்க என்னடான்னா வெள்ளை தெரியக்கூடாதுன்னு இன்னும் பெரிய பொட்டா வாங்கி அதே இடத்துல ஒட்டி விட்டோம். பொட்டு, ரப்பர் செருப்பு வார், வாட்ச் ஸ்ட்ராப், ஹேர் டை படுற இடத்துல வெள்ளை ஆரம்பிச்சா முதல்ல அத நிறுத்துங்க, டாக்டர்ட்டயும் மறக்காம சொல்லுங்க.

கார்போகரிசிங்கிற விதையோட கதைதான் ரொம்ப வேதனை. நாட்டு மருந்துக் கடையில வாங்கி அரைச்சுப் பூசி காலை வெயில்ல அரை மணி நேரம் உக்கார வச்சோம், சாயங்காலம் நெத்தி பூரா கொப்புளம், உருகுன மெழுகு மாதிரி தோல் தொங்குச்சு. புண்ணு ஆறுனப்ப மிளகு சைஸ் இருந்தது எட்டணா சைஸ் ஆயிருந்துச்சு. அந்த விதையில மருந்தே இல்லன்னு சொல்ல மாட்டேன், அதுல சோரலென்னு, வெளிச்சம் பட்டா தோல்ல வேலை செய்யிற பொருள் இருக்கு, 1940கள்ல எகிப்துல எல் மொஃப்டின்னு ஒரு டாக்டர் வேற செடியில இருந்து பிரிச்ச அதே வகை மருந்த வெண்புள்ளிக்குக் குடுத்துதான் நவீன லைட் ட்ரீட்மெண்டே ஆரம்பிச்சுது. பிரச்சனை அளவுதான். விதையில எவ்வளவு இருக்கு, வெயில் எவ்வளவு அடிக்குதுன்னு நமக்குத் தெரியாது, வெந்து போனா அந்தக் காயமே புது வெள்ளைய வரவழைக்கும். சொறியறது, இறுக்கமா நாடா கட்டுறது, நார் வச்சுத் தேய்க்கிறது எல்லாத்துக்கும் இதே கதைதான். இப்ப ஆஸ்பத்திரியில குடுக்கிறது 311 நானோமீட்டர் அலைநீள புற ஊதா லைட், சோரலென் மாத்திரை இல்லாம, நொடி கணக்குல அளந்து குடுப்பாங்க.

அந்த லைட்ட 10 தடவை எடுத்துட்டு ஒண்ணும் ஆகலன்னு நிறுத்திடுறவங்க நிறைய. வாரம் 2, 3 தடவைன்னு குறைஞ்சது 6 மாசம் போகணும், சில பேருக்கு 70 தடவைக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். இன்னொரு பக்கம், டாக்டர் ஒரு மாசத்துக்கு எழுதுன ஸ்டீராய்டு க்ரீம அதே சீட்டக் காட்டி ஒரு வருஷம் வாங்கி முகத்துல போடுறவங்களும் இருக்காங்க, தோல் மெலிஞ்சு ரத்தக் குழாய் தெரியும், அதுக்கப்புறம் அத சரி பண்றது தனி வேலை. முகத்துக்கு டாக்ரோலிமஸ் ஆயின்மெண்ட்னு ஸ்டீராய்டு இல்லாதது இருக்கு, முதல் சில நாள் லேசா எரியும், அதுக்குப் பயந்து தூக்கிப் போட்டுடாதீங்க.

புது மருந்து வந்துருச்சாமேன்னு கேக்கிறவங்களுக்கு: டி செல்லக் கூப்பிடுற சிக்னல் ஜாக்னு ஒரு வழியாத்தான் போகுது, அந்த வழிய அடைக்கிற ரக்ஸோலிட்டினிப் க்ரீமுக்கு 2022 ஜூலையில அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு, 12 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்களுக்கு. ஆய்வுல 6 மாசத்துல ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு முகத்துல முக்கால் பங்கு நிறம் திரும்புச்சு. நல்ல மருந்துதான், ஆனா மீதி 70 சதவீதத்தயும் மனசுல வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. ஆபரேஷன் பண்ணி நிறத்த நட்டு வைக்கிறதும் உண்டு, குறைஞ்சது ஒரு வருஷம் புதுசா வராம, பரவாம நின்னிருக்கணும், அதுக்கு முன்னாடி அவசரப்பட்டா நட்ட இடமும் வெளுக்கும்.

நிறம் வந்த சந்தோஷத்துல எல்லாத்தயும் ஒரே நாள்ல நிறுத்துறதுதான் நிறைய வீட்டுல நடக்கிற கடைசித் தப்பு. அடிச்ச டி செல்லுல கொஞ்சம் அந்த இடத்தயே ஞாபகம் வச்சுக்கிட்டு தோலுக்குள்ள குடியிருக்கும், அதனால பழைய இடத்துலயே திரும்ப வரும். ஒரு வருஷத்துக்குள்ள ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு அப்படி வருது, வாரம் ரெண்டு தடவை டாக்ரோலிமஸ் போட்டுட்டு வந்தவங்களுக்கு அது 10 சதவீதம் பக்கம் குறைஞ்சதா ஆய்வு இருக்கு. என் தங்கச்சிக்கு நெத்தியில இப்ப முக்கால்வாசி மூடியிருச்சு, புதன் ஞாயிறு ராத்திரி பல்லு விளக்குனதும் ஆயின்மெண்ட் வச்சுட்டுத்தான் படுக்கிறா, முடி வெளுத்த இடம் மட்டும் அரிசி சைஸ்ல அப்படியே நிக்குது.