பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்: ஆண் பெண் அதிகாரம் குறித்து அறிவியல் புனைகதை எழுதும் முறை

ஆண் பெண் ஏற்றத்தாழ்வை அறிவியல் புனைகதையாக எழுத முனைபவர்கள் பெரும்பாலும் விண்கலத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் ஒரு தெருவிலிருந்து தொடங்கச் சொல்வேன். வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதி, 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் இடம்பெற்ற 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதையில் அந்தத் தெரு இருக்கிறது. நீங்கள் எழுத உட்காரும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்த சுல்தானா, ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் ஆளும் நாட்டின் வீதியில் பட்டப்பகலில் நடக்கிறாள். எதிரே வரும் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவள் ஆண்களைப் போல இருக்கிறாளாம். அதாவது, கூச்சமும் அச்சமுமாக நடக்கிறாளாம். பறக்கும் வண்டியும் அந்தக் கதையில் உண்டு என்றாலும், உலகம் மாறிவிட்டதை நமக்கு உணர்த்துவது இந்தச் சிரிப்புதான். ஆகவே உங்கள் உலகில் அதிகாரம் கைமாறியதும் அன்றாடச் சொற்கள் என்ன பொருள் கொள்ளும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். கணவனை 'வீட்டுக்காரர்' என்கிறோம், வீடு யாருடையது? 'வாழாவெட்டி' என்ற சொல்லுக்கு ஆண்பால் கிடையாது. உங்கள் கதையின் நாட்டில் அது இருக்குமா?

அடுத்து, அதிகாரம் எதனால் கைமாறியது என்பதற்குக் காரணம் வேண்டும். ரொக்கேயாவின் கதையில் பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஒன்று மேகத்திலிருந்து நேராக நீரைத் திரட்டுகிறது, மற்றொன்று வெயிலின் வெப்பத்தைச் சேமிக்கிறது. படையைப் பெருக்குவதிலேயே கருத்தாயிருந்த ஆண்கள் இவற்றை ஏளனம் செய்கிறார்கள். பின்னர் அந்தப் படை தோற்கும் வேளையில், இரண்டாயிரம் மாணவியர் திரட்டிய வெயிலைக் குவித்துப் பகைவரை விரட்டுகிறார்கள். இங்கே கருவி, அதைக் கற்றவர், கற்க இடம் தந்த நிறுவனம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாக நிற்கின்றன. 1911-இல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியவர் அல்லவா, கல்விக்கூடம் இல்லாமல் கருவி மட்டும் வந்துவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். ஒரு சுருட்டுப் புகைய அரைமணி, நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக அலுவலகத்தில் ஆறு மணி நேரம் வீண் என்று அந்தக் கதையில் சுல்தானாவுக்கு நாட்டைச் சுற்றிக்காட்டும் சகோதரி சாரா ஆண்களின் வேலைநாளை அளக்கிறாள். உங்கள் கதை நடக்கும் வீட்டில் யார் முதலில் எழுகிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்று ஒரு நாளின் அட்டவணையைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது கதைக்குள் வரவேண்டியதில்லை.

இடங்களை மாற்றிப் போட்டதோடு நின்றுவிட வேண்டாம் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. புகையோ கரியோ இல்லாத, வெயிலால் சமைக்கும் சாராவின் அடுக்களையைச் சுல்தானா பார்க்கப் போகும்போது, அங்கிருந்த ஆண்களை விலகிக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய முகமும் நமக்குத் தெரிவதில்லை. 1905-இல், திரைக்குப் பின்னால் இருந்த பெண்களுக்காக எழுதியவருக்கு அந்தத் தலைகீழாக்கமே போதுமானதாக இருந்தது. இன்று எழுதுகிறவர் அந்த விலகிப்போனவரோடு கூடவே போய், கதவின் மறுபுறம் நின்று அவர் எதைக் கேட்கிறார், எதை விழுங்கிக்கொள்கிறார் என்று எழுத வேண்டும். கூண்டுக்குள் யார் இருந்தாலும் அதன் கம்பிகள் எப்படி இருக்கும் என்பதை வாசகர் அங்கிருந்துதான் காண்பார்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969-இல் வெளியிட்ட நாவலில் நிலையான பாலினம் இல்லாத மனிதர்களை 'he' என்ற ஆண்பாற்சொல்லாலேயே சுட்டினார். பின்னாளில் அதை அவரே மறுபரிசீலனை செய்தார். நம் மொழியில் வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும். 'அவர்' என்றால் பால் மறையும், ஆனால் மரியாதை கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். மரியாதை வந்தால் அதிகாரமும் வந்துவிடுகிறது. என் கதையொன்றில் நாட்டை ஆள்பவள் 'வந்தாள்', அவளுடைய வாயிற்காவலர் 'வந்தார்' என்று எழுதியிருந்தேன். மூன்றாம் முறை திருத்தும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. அன்று முதல், கதையின் வரைவை முடித்தபின் ஒரு பென்சிலை எடுத்து வினைமுற்றுகளின் ஈறுகளை மட்டும் வட்டமிட்டுக்கொண்டே வருகிறேன். நீங்களும் அவ்வாறு ஒருமுறை செய்து பாருங்கள்.