தேனீ விஷம், தவளைத் தோலு, கேன்சர் மருந்து: நியூஸ் படிக்கும்போது பண்ற தப்பு

2020ல ஆஸ்திரேலியா பெர்த்ல இருந்து ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, தேனீ விஷமும் அதுல இருக்கற மெலிட்டின்ங்கற பெப்டைடும் (பெப்டைடுன்னா சின்ன புரதத் துண்டு) ட்ரிப்பிள் நெகட்டிவ்ங்கற, வைத்தியம் பண்றதுக்குக் கஷ்டமான வகை மார்பகப் புற்றுநோய் செல்லைக் கொல்லுதுன்னு. ஆராய்ச்சி உண்மைதான், நல்ல ஆராய்ச்சியும்கூட. ஆனா அதைப் படிச்சிட்டு "மருந்து கண்டுபிடிச்சாச்சு"ன்னு ஷேர் பண்ணாதீங்க, ஏன்னா செத்ததுல முக்காவாசி லேப் தட்டுல வளத்த செல்லு. எலிக்கும் குடுத்துப் பாத்தாங்க, அங்க டோசிடாக்செல்ங்கற வழக்கமான கீமோ மருந்தோட சேத்தப்பதான் நல்லா வேலை செஞ்சுது.

தட்டுல கொல்றது பெரிய விஷயமே இல்லங்க, பினாயில் ஊத்தினாலும் செல்லு சாகும். பக்கத்துல இருக்கற நல்ல செல்லை விட்டுவைக்குதாங்கறதுதான் கேள்வி. மெலிட்டின் மாட்டிக்கறது இங்கதான், அது ரத்தச் சிவப்பணுவையும் சேத்து உடைச்சிடும், அதனால சும்மா ஊசில ஏத்த முடியாது, நானோ துகளுக்குள்ள அடைச்சு அனுப்ப முடியுமான்னு பல டீம் முயற்சி பண்ணிட்டு இருக்காங்க. அதனால இந்த மாதிரி நியூஸ் பாத்தா சிவப்பணுவை என்ன பண்ணுச்சுன்னு முதல்ல தேடுங்க.

"கேன்சர் செல்லுல நெகட்டிவ் சார்ஜ், பெப்டைடு பாசிட்டிவ், அதனால அங்க மட்டும்தான் போய் ஒட்டும்"னு சொல்றதும் பாதி உண்மைதான். பாஸ்படிடைல்செரின்னு ஒரு கொழுப்பு நல்ல செல்லுல உள்பக்கமா இருக்கும், கேன்சர் செல்லுல வெளிப்பக்கம் வந்துடும், அதைப் பிடிச்சுதான் பெப்டைடு ஒட்டுது. ஆனா ரத்தம் உறையும்போது நம்ம தட்டணுவும் அதே கொழுப்பை வெளிய காட்டும். வித்தியாசம் அளவுலதான், பூட்டு சாவி மாதிரி கச்சிதமா எல்லாம் இல்ல.

அப்புறம் இயற்கைதானேன்னு நேரா உடம்புல ஏத்திக்கறது, இது ரொம்ப டேஞ்சர். ஸ்பெயின்ல ஒரு 55 வயசு அம்மா ரெண்டு வருஷமா உயிரோட இருக்கற தேனீயைக் கொட்டவிட்டு வைத்தியம் எடுத்திருக்காங்க, கேன்சருக்குக்கூட இல்ல, தசை இறுக்கத்துக்கு. அதுவரைக்கும் ஒண்ணும் ஆகல, திடீர்னு ஒருநாள் கடுமையான அலர்ஜி வந்து அப்புறம் இறந்துட்டாங்க, 2018ல இது மருத்துவ இதழ்லயே வந்துச்சு. அமேசான் தவளையோட சுரப்பு, காம்போன்னு சொல்றாங்களே, அதுல டெர்மாசெப்டின்ங்கற பெப்டைடு இருக்கறது நிஜம், தோலைச் சுட்டு அதைத் தடவிக்கிட்டவங்க செத்ததும் நிஜம். ஆஸ்திரேலியா 2021ல தடையே பண்ணிடுச்சு.

மாட்டுப்பால்ல இருக்கற லாக்டோஃபெரின்ங்கற புரதத்துல இருந்தும் ஒரு பெப்டைடு வருது, அதை மாதிரியா வச்சு நார்வேல எல்டிஎக்ஸ்-315ன்னு 9 அமினோ அமிலத்துல ஒண்ணு செஞ்சாங்க. கட்டிக்குள்ளயே ஊசி போட்டா செல்லு வெடிச்சு உள்ள இருக்கறது வெளிய கொட்டும், அதைப் பாத்து நம்ம நோய் எதிர்ப்பு செல்லுங்க அந்தக் கட்டியை அடையாளம் கண்டுக்கும், அதுதான் ஐடியா. இதுக்கும் டெய்லி ரெண்டு டம்ளர் பால் குடிக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல!

எல்லா பெப்டைடும் கேன்சருக்கு எதிரின்னும் நினைக்காதீங்க. நம்ம உடம்புலயே சுரக்கற எல்எல்-37ங்கற பெப்டைடு பெருங்குடல் கேன்சரை அடக்குற மாதிரி தெரியுது, சினைப்பை கேன்சர்லயோ வளரவே உதவுது.

தவளைத் தோல்ல மாகைனின்ங்கற பெப்டைடை அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் ஸாஸ்லாஃப் கண்டுபிடிச்சது 1987ல. அதை மாத்தி செஞ்ச பெக்சிகானான் சர்க்கரைக்காரங்க கால் புண்ணுக்கான க்ரீம், அதையே 1999ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ ஒத்துக்கல. வெளிய தடவுற மருந்துக்கே இந்த பாடு.

யாராவது "பெப்டைடு ட்ரையல் நடக்குது, இவ்ளோ கட்டுங்க"ன்னு கூப்ட்டா சிடிஆர்ஐங்கற இந்திய மருந்து ட்ரையல் பதிவு தளத்துல பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க, இந்தியால மருந்து ட்ரையல் எல்லாம் அங்க பதியணும். நம்பர் இருந்தாலும் உங்க கேன்சர் டாக்டர்கிட்ட காட்டாம ஓடிட்டு இருக்கற கீமோவை நிறுத்தாதீங்க.